செனட் மறுக்கவே வேண்டாம், சும்மா இருந்தாலே போதும்

கேள்வி இது: அமெரிக்காவின் சில மாநிலங்களில் ஆளுநர் ஒருவரை நீதிபதியாக அறிவித்த பிறகு மாநில செனட்டும் (சட்டமன்றத்தின் மேலவை) ஒப்புதல் தர வேண்டும் என்கிறார்களே, அது வெறும் சடங்கா, இல்லை நீதிமன்றத்தின் குடுமியே அரசியல்வாதிகள் கையில் இருக்கிறதா? ஒப்புதல் தராவிட்டால் யாராவது தட்டிக்கேட்க முடியுமா?

பத்தில் ஒன்பது தடவை சடங்குதான். பெயர் வரும், குழு விசாரிக்கும், நாலு நல்ல வார்த்தை சொல்வார்கள், ஒருமனதாக ஓட்டு விழும். மீதி ஒரு தடவையில்தான் இந்த ஏற்பாட்டின் உண்மையான பலம் தெரியும். அந்தப் பலம் ஓட்டெடுப்பில் தோற்கடிப்பதில் இருப்பதாக வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் ஓட்டெடுப்பு வரைக்கும் போகாமல் கோப்பின் மேல் உட்கார்ந்துகொள்வதில்தான் இருக்கிறது. ஒரு மாநிலத்தில் நீதிபதி நியமனம் யார் கையில் என்று தெரிய வேண்டுமானால், "செனட் ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று அந்த மாநிலத்தின் அரசமைப்பைக் கேட்டுப் பாருங்கள். பதில் மாநிலத்துக்கு மாநிலம் தலைகீழாக மாறும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இங்கே ஆளுநர் என்றால் நம்மூர் ராஜ்பவன் ஆளுநர் இல்லை. மக்கள் ஓட்டில் ஜெயித்து வருகிற, நம் முதல்வருக்கு நிகரான ஆள். மாநில நீதிமன்றங்களும் மத்திய நீதிமன்றங்களின் கிளைகள் அல்ல, தனி அமைப்புகள். கொலை, விவாகரத்து, வாடகைத் தகராறு, கார் விபத்து என்று அமெரிக்காவின் வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நடப்பது இந்த மாநில நீதிமன்றங்களில்தான். செய்திகளில் அடிபடுவது வாஷிங்டன் உச்ச நீதிமன்றம். சாதாரண மனிதன் படியேறுவது மாநில நீதிமன்றம்.

ஐம்பது மாநிலங்களும் ஒரே வழியில் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதில்லை. டெக்சாஸில் நீதிபதிகள் கட்சிப் பெயரோடு தேர்தலில் நிற்கிறார்கள். மிசூரி 1940-இல் வேறொரு வழி கண்டது: ஒரு குழு பட்டியல் தரும், ஆளுநர் அதிலிருந்து ஒருவரை எடுப்பார், பிறகு "இவர் தொடரலாமா?" என்று மட்டும் மக்களிடம் கேட்பார்கள். தென் கரோலினாவிலும் வர்ஜீனியாவிலும் சட்டமன்றமே நேரடியாக நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கிறது. மாசசூசெட்ஸில் சட்டமன்றத்தைக் கேட்பதில்லை; அதற்கென்றே மக்கள் தேர்ந்தெடுக்கும் எட்டுப் பேர் கொண்ட ஆளுநர் மன்றம் ஒன்று காலனி காலத்திலிருந்து தொடர்கிறது. ஆளுநர் பெயர் சொல்ல, சட்டமன்றமோ அதன் மேலவையோ ஒப்புதல் தருகிற வழக்கம் சுமார் ஒரு டஜன் மாநிலங்களில் இருக்கிறது. நியூ ஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட், ரோட் ஐலண்ட், மெய்ன், டெலவேர், ஹவாய், யூட்டா, டென்னசி போன்றவை அதில் அடங்கும்.

இதில் நியூ ஜெர்சியைத்தான் நான் முதலில் எடுப்பேன். தமிழர்கள் நிறைய இருக்கும் மாநிலம் என்பதால் இல்லை. இந்த ஏற்பாட்டின் நல்லதும் கெட்டதும் அங்கே வெட்டவெளிச்சமாகத் தெரியும்.

1947-இல் எழுதப்பட்ட நியூ ஜெர்சி அரசமைப்பின்படி நீதிபதிக்குத் தேர்தல் கிடையாது. ஆளுநர் நியமிப்பார், நாற்பது பேர் கொண்ட செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பதவிக்காலம் ஏழு ஆண்டு. அது முடிந்ததும் ஆளுநர் மறுபடி பெயர் சொல்லி, செனட் மறுபடி ஒப்புக்கொண்டால், 70 வயது வரை அசைக்க முடியாது. ஆக ஒவ்வொரு நீதிபதியும் இரண்டு முறை இந்த வாசலைத் தாண்ட வேண்டும். இரண்டாவது முறைதான் வில்லங்கம். முதல் தடவை வருபவர் என்ன தீர்ப்பு எழுதுவார் என்று யாருக்கும் தெரியாது. ஏழாவது ஆண்டில் அவர் எழுதிய தீர்ப்பெல்லாம் மேஜை மேல் இருக்கும்.

இருந்தும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாகரிகம் காப்பாற்றப்பட்டது. தீர்ப்பு பிடிக்கவில்லை என்பதற்காக உச்ச நீதிமன்ற நீதிபதியை ஏழாம் ஆண்டில் எந்த ஆளுநரும் வீட்டுக்கு அனுப்பியதில்லை. ஏழு இருக்கைகளில் எந்தக் கட்சிக்கும் நாலுக்கு மேல் போகக் கூடாது என்பதும் ஏட்டில் இல்லாத வழக்கம். ஏழை மாவட்டப் பள்ளிகளுக்குப் பணக்கார மாவட்டங்களுக்கு இணையாகச் செலவிட வேண்டும் என்ற ஆபட் வழக்கின் தீர்ப்புகளையும், ஒவ்வொரு ஊரும் வசதியற்றவர்களுக்கும் வீடு கட்ட இடம் விட வேண்டும் என்ற மவுண்ட் லாரல் தீர்ப்புகளையும் இந்த நீதிமன்றம் துணிந்து எழுதியதற்கு அந்தப் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

2010 மே மாதம் அது உடைந்தது. நீதிமன்றத்தின் போக்கையே மாற்றுவேன் என்று சொல்லிப் பதவிக்கு வந்த குடியரசுக் கட்சி ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி, நீதிபதி ஜான் வாலஸை மறுநியமனம் செய்ய மறுத்தார். அப்போது அந்த நீதிமன்றத்தில் இருந்த ஒரே கறுப்பின நீதிபதி வாலஸ். 70 வயதை எட்ட அவருக்கு இரண்டு ஆண்டுகூட இல்லை. 1947-க்குப் பிறகு இப்படி நடந்தது அதுவே முதல் முறை. கிறிஸ்டி அவர் இடத்துக்கு ஆன் பாட்டர்சன் என்ற வழக்கறிஞரை அறிவித்தார். ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த செனட் தலைவர் ஸ்டீவ் ஸ்வீனி அதை எதிர்த்துப் பேசினார், ஆனால் ஓட்டெடுப்புக்குக் கொண்டுவரவில்லை. விசாரணைக்கு நாளே குறிக்கவில்லை. அரசமைப்பில் "இத்தனை நாளுக்குள் முடிவெடு" என்ற வரி எங்கும் இல்லை. அதனால் அவரை யாரும் நெருக்க முடியவில்லை.

இதற்கு ஆறு ஆண்டு கழித்து, ஒபாமா அறிவித்த மெரிக் கார்லண்டுக்கு அமெரிக்க செனட் விசாரணையே நடத்தாமல் காலம் கடத்தியபோது உலகமே வாயைப் பிளந்தது. நியூ ஜெர்சிக்காரர்களுக்கு அது பழைய கதை.

காலி இருக்கையில் தலைமை நீதிபதி ஸ்டூவர்ட் ராப்னர், கீழ் அமர்விலிருந்து எட்வின் ஸ்டெர்ன் என்ற மூத்த நீதிபதியைத் தற்காலிகமாக உட்கார வைத்தார். அதுவே சட்டவிரோதம் என்று சொல்லி, அதே நீதிமன்றத்தின் நீதிபதி ரிவேரா-சோட்டோ தீர்ப்புகளில் ஓட்டுப் போட மாட்டேன் என்று 2010 டிசம்பரில் அறிவித்தார். பிறகு அந்தப் பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார் என்றாலும், மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி தன் பக்கத்தில் இருப்பவரை நீதிபதியாகவே ஏற்க மறுத்த காட்சி அது. கடைசியில் ரிவேரா-சோட்டோ தானே விலக, அவர் இடத்துக்குத்தான் பாட்டர்சன் 2011-இல் வந்து சேர்ந்தார்.

சண்டை அதோடு ஓயவில்லை. 2012-இல் கிறிஸ்டி அனுப்பிய ஃபிலிப் குவான், புரூஸ் ஹாரிஸ் என்ற இரண்டு பெயர்களையும் செனட்டின் நீதித்துறைக் குழுவே தோற்கடித்தது. இரண்டு முறையும் 7-க்கு 6. குவானுடைய குடும்பத்து மதுக்கடையின் வங்கிக் கணக்கு பற்றியும், ஹாரிஸுக்கு நீதிமன்ற அனுபவம் போதாது என்பது பற்றியும் நிறையப் பேசினார்கள். அடியில் ஓடியது, நாலுக்கு மூன்று என்ற கணக்கு கலைகிறதே என்ற கோபம்தான். 2013-இல் இன்னும் விசித்திரம்: தன் கட்சியைச் சேர்ந்தவரும் தனக்குப் பிடித்தவருமான ஹெலன் ஹோன்ஸ் என்ற நீதிபதியைக்கூட கிறிஸ்டி மறுநியமனத்துக்கு அனுப்பவில்லை. செனட் அவரைப் படுத்தும் பாட்டை நான் பார்க்க விரும்பவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். ஒரு அவை உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமலே ஒரு நீதிபதியின் வேலையைப் பறிக்கிற அளவுக்கு அதன் மௌனத்துக்கு வலு வந்துவிட்டது.

காலியிடங்களை நிரப்ப 2012-இல் அழைக்கப்பட்ட மேரி கேத்தரின் கஃப், செனட் ஒப்புதலே இல்லாமல் 2016 தொடக்கம் வரை உச்ச நீதிமன்றத்தில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதினார். ஒப்புதல் என்ற வாசலைக் காக்கத் தொடங்கிய சண்டையில், வாசலையே தாண்டாத ஒருவர் மூன்று ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்தார். கடைசி இருக்கை நிரம்பியது 2016-இல், வால்டர் டிம்போன் வந்தபோது.

இதெல்லாம் மேல்மட்டத்துக் கதை. எனக்கு இதைவிடக் கவலை தருவது கீழ்மட்டம். நியூ ஜெர்சியில் "செனட் மரியாதை" என்றொரு வழக்கம் உண்டு. அரசமைப்பில் இல்லை, எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆளுநர் அறிவிக்கும் நபர் எந்த மாவட்டத்தில் குடியிருக்கிறாரோ, அந்த மாவட்டத்தின் செனட்டர் ஒவ்வொருவரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டால் பெயர் குழுவுக்கே வராது. ஏன் போடவில்லை என்று அவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை. தனிப்பட்ட பகையாக இருக்கலாம். தன் ஆளுக்கு வேறொரு பதவி வாங்க ஆளுநரிடம் நடத்துகிற பேரமாகவும் இருக்கலாம். எசெக்ஸ் மாதிரிப் பெரிய மாவட்டத்தில் இப்படிப் பல செனட்டர்கள் இருப்பதால், அங்கே குடியிருக்கும் வழக்கறிஞர் நீதிபதியாக வேண்டுமென்றால் அத்தனை பேருடைய கையெழுத்தும் சேர வேண்டும். ராப்னர் தலைமை நீதிபதியாக 2007-இல் அறிவிக்கப்பட்டபோதே அந்த மாவட்டத்து செனட்டர் நியா கில் சில நாள் தடுத்து வைத்திருந்து பிறகுதான் விட்டார். 2021-இல் அறிவிக்கப்பட்ட ரேச்சல் வெய்னர் ஆப்டருக்கு ஹாலி ஷெபிஸி என்ற செனட்டர் ஒருவர் கையெழுத்துப் போடாததால், கூட்டத்தொடர் முடிந்து பெயர் காலாவதியாகி, மறுபடி அறிவித்து, குடியரசுக் கட்சிக்காரர் ஒருவருக்கும் சேர்த்து இடம் தருவது என்று பேசி முடித்த பிறகே 2022 அக்டோபரில் காரியம் ஆனது.

இந்தத் தாமதத்துக்கு விலை கொடுப்பது யார்? 2023 பிப்ரவரியில் ராப்னர் ஆறு மாவட்டங்களில் சிவில் வழக்கு விசாரணைகளையும் விவாகரத்து விசாரணைகளையும் நிறுத்தி வைத்தார். வடக்கே சாமர்செட், ஹண்டர்டன், வாரன். தெற்கே கம்பர்லண்ட், குளோஸ்டர், சேலம். அந்தச் சமயம் மாநிலம் முழுக்க விசாரணை நீதிமன்றங்களில் காலியிடம் 50-க்கும் மேல். குற்ற வழக்கையும் குழந்தைகள் தொடர்பான அவசர வழக்கையும் தள்ள முடியாது, ஆகவே இருக்கிற நீதிபதிகளை அங்கே அனுப்பிவிட்டு மற்றதைப் பூட்டினார்கள். பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயிலுக்குப் போய் வருகிறவர்களுக்கு சாமர்செட் தெரிந்த இடம். அங்கே சொத்துப் பிரிக்காமல், மறுமணம் செய்ய முடியாமல், பாதியில் நிற்கும் விவாகரத்து வழக்கோடு காத்திருந்தவருக்கு, தன் வழக்கு நகராததற்குக் காரணம் ஏதோ ஒரு செனட்டரின் மேஜையில் கிடக்கும் கையெழுத்தில்லாத தாள் என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

நியூயார்க் வேறு மாதிரி. அங்கே உச்சபட்ச நீதிமன்றத்தின் பெயர் மேல்முறையீட்டு நீதிமன்றம். "சுப்ரீம் கோர்ட்" என்பது கீழே இருக்கும் விசாரணை நீதிமன்றம், முதல் தடவை கேட்பவர்கள் எல்லாரும் குழம்புவார்கள். 1977-இல் வந்த திருத்தத்தின்படி ஒரு நியமனக் குழு சில பெயர்களை மட்டும் தரும், ஆளுநர் அதற்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு செனட். நாற்பத்தைந்து ஆண்டுகள் இது ஓசையில்லாமல் ஓடியது. 2022 டிசம்பரில் ஆளுநர் கேத்தி ஹோக்கல் தலைமை நீதிபதி பதவிக்கு ஹெக்டர் லசால் பெயரை அனுப்பினார். ஆளுநரும் ஜனநாயகக் கட்சி, செனட் பெரும்பான்மையும் ஜனநாயகக் கட்சி. தொழிற்சங்கங்களும் கருக்கலைப்பு உரிமை அமைப்புகளும் லசாலின் சில பழைய தீர்ப்புகளை எடுத்து வைத்து எதிர்த்தன. அதே 2022-இல் அந்த நீதிமன்றம் 4-க்கு 3 என்று தொகுதி வரைபடத்தை ரத்து செய்து கட்சிக்குக் கொடுத்த அடியும் யாருக்கும் மறக்கவில்லை. 2023 ஜனவரியில், 19 பேர் கொண்ட செனட் குழுவில் பத்துப் பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள்.

அங்கே ஒரு நல்ல கேள்வி எழுந்தது. அரசமைப்பு கேட்பது செனட்டின் ஒப்புதலை. குழுவின் பத்துப் பேர் எப்படி முழு செனட் ஆவார்கள்? குடியரசுக் கட்சி செனட்டர் ஒருவர் வழக்கே போட்டார். செனட் தலைமை பின்வாங்கி பிப்ரவரி 15-இல் முழு அவையில் ஓட்டெடுப்பு நடத்தியது. 39-க்கு 20 என்று லசால் தோற்றார். சில வாரங்களில் ரோவன் வில்சன் அறிவிக்கப்பட்டு ஏப்ரலில் தலைமை நீதிபதியானார். லசால் தோற்றது நியாயமா என்பதில் எனக்கு இரண்டு மனம் உண்டு. ஆனால் நடந்த விதத்தில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன்: யார் எதிர்த்தார்கள், ஏன் எதிர்த்தார்கள் என்பது பதிவில் இருக்கிறது, நாலு மாதத்துக்குள் இருக்கையும் நிரம்பிவிட்டது.

கனெக்டிகட்டில் இரண்டு அவையும் ஒப்ப வேண்டும். 2018-இல் ஆண்ட்ரூ மெக்டொனால்டைத் தலைமை நீதிபதியாக்கும் முயற்சி கீழவையில் 75-74 என்று மயிரிழையில் தப்பி, செனட்டில் 16-19 என்று விழுந்தது. 2015-இல் அந்த மாநிலத்தில் மரண தண்டனையை ஒழித்த 4-3 தீர்ப்பில் பெரும்பான்மைப் பக்கம் இருந்தவர் அவர். அங்கேயும் கசப்பு ஏராளம், ஆனால் கணக்கு அன்றைக்கே தீர்ந்தது.

இப்போது நான் முதலில் சொன்ன வரிக்கு வருகிறேன். ஹவாய் அரசமைப்பில் ஒரு சின்ன வாக்கியம் இருக்கிறது: செனட் முப்பது நாளுக்குள் நிராகரிக்காவிட்டால் ஒப்புதல் தந்ததாகவே கொள்ளப்படும். அங்கே செனட்டுக்குப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து நின்று எதிர்த்து ஓட்டுப் போட்டே ஆக வேண்டும். போடவும் செய்கிறார்கள். 2021-இல் இடைநிலை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்ட டேனியல் கிளக்கை நிராகரித்தார்கள், ஆளுநர் அதே பட்டியலிலிருந்து சோன்யா மெக்கல்லனை எடுத்தார், வேலை முடிந்தது. டென்னசியில் 2014 நவம்பரில் மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்ற திருத்தமும் இதே வழிதான்: அறுபது நாளுக்குள் சட்டமன்றம் நிராகரிக்காவிட்டால் நியமனம் உறுதி. மெய்னில் இன்னொரு விதம். இரு அவைகளும் சேர்ந்த குழுவின் முடிவே நிற்கும், செனட் அதை மாற்ற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்.

ஹவாயில் மௌனம் சம்மதம். நியூ ஜெர்சியில் மௌனம் மறுப்பு. இரண்டு மாநிலத்திலும் பாடப்புத்தகம் சொல்வதென்னவோ "ஆளுநர் நியமிப்பார், செனட் ஒப்புதல் தரும்" என்ற ஒரே வாக்கியத்தைத்தான்.

நம்மூருக்கும் இது தெரியாத வித்தை இல்லை. இந்தியாவில் சட்டமன்றத்துக்கு நீதிபதி நியமனத்தில் இடம் கிடையாது. நாடாளுமன்றம் கொண்டுவந்த நியமன ஆணையத்தையும் 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் அனுப்பும் பெயரை மத்திய அரசு திருப்பியும் அனுப்பாமல், நியமிக்கவும் செய்யாமல் வைத்திருக்க முடிகிறது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 2022-இல் பரிந்துரைக்கப்பட்டு, 2023-இல் மறுபடி வலியுறுத்தப்பட்ட பெயர் ஒன்று பின்தங்க, பின்னால் வந்த பெயர்கள் முந்திக்கொண்டதை நாளிதழ் படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அப்படியானால் செனட் ஒப்புதலைத் தூக்கிவிட்டு நேரடித் தேர்தல் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. விஸ்கான்சினைப் பாருங்கள்: 2025 ஏப்ரலில் ஒரே ஒரு உச்ச நீதிமன்ற இருக்கைக்கு நடந்த தேர்தலில் கொட்டப்பட்ட பணம் 10 கோடி டாலரையும் தொட்டது. அந்தப் பணத்தைக் கொடுத்தவர்களின் வழக்கு நாளை அதே நீதிமன்றத்துக்கு வரும். சட்டமன்றமே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் தென் கரோலினாவில் வேறு சிக்கல்: வழக்கறிஞராகவும் இருக்கும் சட்டமன்ற உறுப்பினர், தான் ஓட்டுப் போட்டு உட்கார வைத்த நீதிபதி முன்னாலேயே காலையில் தன்னிடம் வழக்கு கொடுத்தவருக்காக வாதாடுவார். வர்ஜீனியாவில் 2015-இல் ஆளுநர் மெக்காலிஃப், அவை கூடாத நேரத்தில் ஜேன் ரவுஷை உச்ச நீதிமன்றத்தில் அமர்த்தினார். அவருடைய தகுதியைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. தங்களைக் கேட்காமல் செய்ததுதான் சட்டமன்றத்தின் கோபம். அடுத்த ஆண்டு வேறொருவரைத் தேர்ந்தெடுத்து அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆகவே செனட் ஒப்புதல் இருக்கட்டும் என்பதே என் கட்சி, ஹவாயின் முப்பது நாள் வாக்கியத்தோடு சேர்த்து.

இனி கேள்வியின் கடைசிப் பகுதி: தட்டிக்கேட்க முடியுமா? நீதிமன்றத்தில் கேட்டுப் பார்த்தார்கள். 1993-இல் நியூ ஜெர்சியின் மாரிஸ் மாவட்டத்தில் மரியான் எஸ்பினோசா மர்ஃபி என்ற நீதிபதிக்கு ஏழு ஆண்டு முடிந்தது. ஆளுநர் மறுநியமனம் செய்யத் தயார். அந்த மாவட்டத்து செனட்டர் ஜான் டோர்ஸி கையெழுத்துப் போட மறுத்தார். மறுநியமனத்தில் தனி ஆளுக்கு இப்படி ஒரு தடையதிகாரம் இருப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று வழக்குப் போனது. மாநில உச்ச நீதிமன்றம் அந்த வழக்கத்தை உடைக்கவில்லை. செனட்டின் உள்விவகாரத்தில் அது நுழையவில்லை. மர்ஃபி பதவியிழந்தார்.

ஆனால் அது தேர்தல் ஆண்டு. மாரிஸ் மாவட்டம் குடியரசுக் கட்சியின் கோட்டை, டோர்ஸி அந்தக் கட்சியின் செனட் பெரும்பான்மைத் தலைவர். அந்த நவம்பரில் கார்டன் மக்கின்னஸ் என்ற ஜனநாயகக் கட்சிக்காரரிடம் மிகச் சொற்ப ஓட்டில் அவர் தோற்றார். அந்த நீதிபதியோ பிற்பாடு மறுபடி நியமிக்கப்பட்டு, மேல்முறையீட்டுப் பிரிவு வரை போய் ஓய்வுபெற்றார். செனட் மரியாதை என்ற அந்த வழக்கம் மட்டும் இன்றும் அப்படியே இருக்கிறது.